எல்டாப் சர்ச் ஆமை வேகம், இண்டெக்ஸ் போட்டும் அசையல. எங்க பாக்கணும்?

நள்ளிரவு_அட்மின்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மண்டைய பிச்சிக்கிட்டு இருக்கேன், யாராவது கை குடுங்க.

ஓப்பன்எல்டாப் 2.5 (ஆளுங்க, க்ரூப் விவரத்த எல்லாம் மரம் மாதிரி அடுக்கி வைக்கற எல்டாப் டைரக்டரி சர்வர்), பேக்எண்ட், அதாவது டேட்டாவ சேமிக்கற பகுதி, எம்டிபி. சுமார் 1.8 லட்சம் என்ட்ரி இருக்கு, டேட்டா ஃபைல் 1.1 ஜிபி, மெஷின்ல 16 ஜிபி ரேம், 8 கோர். நான் செட்டப் பண்ணது இல்ல, முன்னாடி இருந்தவர் போனதும் என் தலைல கட்டிட்டாங்க, டாக்குமெண்ட்னு ஒரு வரி கூட கிடையாது.

பிரச்சனை என்னன்னா ஜாவால எழுதின எங்க அப்ளிகேஷன்ல லாகின் பண்ணா 6, 7 செகண்ட் எடுக்குது, காலைல எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வரும்போது 30 செகண்ட் தாண்டி டைம்அவுட்டே ஆகிடுது. ஹெல்ப்டெஸ்க் ஆளுங்களுக்கு ஒரு ஸ்க்ரீன் இருக்கு, பேர்ல கொஞ்சம் டைப் பண்ணா ஆள் லிஸ்ட் வரணும், அது இன்னும் மோசம். ஆனா நான் சர்வர்லயே உக்காந்து எல்டாப்சர்ச் கமாண்ட்ல யூஐடி (லாகின் பேர்) குடுத்து தேடினா கண்ண மூடி திறக்கறதுக்குள்ள வந்துடுது!! இதுதான் எனக்கு புரியவே இல்ல.

பண்ணி பாத்தது: ஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்போட சர்வர் ப்ரோக்ராம்) கான்ஃப் ஃபைல்ல யூஐடி, மெயில், சிஎன் (முழுப்பேர்), எம்ப்ளாயிநம்பர் எல்லாத்துக்கும் இண்டெக்ஸ் வரி சேத்தேன், சர்வர நிறுத்தி, இண்டெக்ஸ கட்டற ஸ்லாப்இண்டெக்ஸ் கமாண்ட ஓட்டினேன் (எரர் ஒண்ணும் வரல), திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். அப்புறம் த்ரெட் எண்ணிக்கைய 16ல இருந்து 64 ஆக்கினேன். ரெண்டுக்கும் ஒரு மில்லி செகண்ட் கூட குறையல. டாப் கமாண்ட்ல பாத்தா ஸ்லாப்டி சிபியூவ சாப்ட்டுட்டே இருக்கு.

---

ரேம்_பிரியன்:

ப்ரோ 16 ஜிபி எல்லாம் இந்த காலத்துல பத்தாது, 32 இல்லனா 64 போடுங்க. அப்புறம் கேஷ் சைஸ், ஐடிஎல் கேஷ் சைஸ் ரெண்டையும் நல்லா ஏத்தி விடுங்க, நான் பழைய சர்வர்ல அப்படி பண்ணி தான் சரி பண்ணேன். டிபி கான்ஃபிக் ஃபைல்லயும் கேஷ் செட்டிங் இருக்கும் பாருங்க.

---

லாக்_வாசகன்:

@ரேம்_பிரியன் தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க சொல்றது பிடிபி, எச்டிபி காலத்து வைத்தியம். அந்த ரெண்டு பேக்எண்டையும் 2.5லயே தூக்கிட்டாங்க. எம்டிபில நாம ட்யூன் பண்ற மாதிரி கேஷே கிடையாது, டேட்டா ஃபைல் அப்படியே மெமரில மேப் ஆகும், கேஷ் வேலைய ஓஎஸ் பாத்துக்கும். 1.1 ஜிபி ஃபைலுக்கு 16 ஜிபி ரேம் இருக்குன்னா மொத்த டேட்டாபேஸும் மெமரிலயே தான் உக்காந்திருக்கும். ஃபைல் ரேம விட பெருசா இருந்தா கதை வேற, அப்ப ரீட்அஹெட்ட ஆஃப் பண்ற என்விரான்மெண்ட் ஃப்ளாக் எல்லாம் பேசலாம்.

@நள்ளிரவு_அட்மின் நீங்களே பாதி விடைய சொல்லிட்டீங்க, சிபியூ ஓடுதுன்னு. டிஸ்க்குக்காக காத்திருந்தா சிபியூ சும்மா இருக்கும், இங்க அது உட்காந்து எதையோ எண்ணிக்கிட்டு இருக்கு. ஒரே சர்ச்ச அடுத்தடுத்து ரெண்டு தடவ ஓட்டுங்க, முதல் தடவை மெதுவா ரெண்டாவது வேகமா வந்தா டிஸ்க், ரெண்டும் ஒரே மாதிரி மெதுவா இருந்தா தேவையில்லாத என்ட்ரிய எல்லாம் தோண்டி பாக்குதுன்னு அர்த்தம். த்ரெட்ட திரும்ப 16க்கே கொண்டு வந்துடுங்க, ஒரு சர்ச் ஒரு த்ரெட்ல தான் ஓடும், 64 ஆக்கினா மெதுவான சர்ச் 64 ஒரே நேரத்துல ஓடும், அவ்ளோதான்.

இப்ப கேக்கறது ஒண்ணே ஒண்ணு. லாக் லெவல ஸ்டாட்ஸ்ல வைங்க (256), அப்ளிகேஷன்ல இருந்து ஒரே ஒரு ஆள லாகின் பண்ண சொல்லுங்க, அந்த நேரத்து லாக்க இங்க போடுங்க. பேர், டிஎன் (மரத்துல என்ட்ரியோட முழு முகவரி) எல்லாம் மாத்திட்டு போடுங்க. நீங்க கைல ஓட்டின கமாண்டோட லாக்கும் வேணும், தனியா.

---

நள்ளிரவு_அட்மின்:

நன்றி அண்ணா. சர்ச்ச ரெண்டு தடவ ஓட்டினேன், ரெண்டும் ஒரே அளவு தான். இதோ லாக், நீளமா இருக்குன்னு கொஞ்சம் வெட்டிட்டேன்.

அப்ளிகேஷன்ல இருந்து வந்தது:

சர்ச் பேஸ்="மக்கள் கிளை" ஸ்கோப்=2 டீரெஃப்=3 ஃபில்டர்="(&(ஆப்ஜெக்ட்கிளாஸ்=ஐநெட்ஆர்க்பெர்சன்)(|(யூஐடி=குமார்01)(மெயில்=குமார்01)(எம்ப்ளாயிநம்பர்=குமார்01)))"
ஈக்வாலிட்டி கேண்டிடேட்ஸ்: (மெயில்) நாட் இண்டெக்ஸ்ட்
ஈக்வாலிட்டி கேண்டிடேட்ஸ்: (எம்ப்ளாயிநம்பர்) நாட் இண்டெக்ஸ்ட்
சர்ச் ரிசல்ட் எர்ர்=0 க்யூடைம்=0.000021 ஈடைம்=4.3 என்ட்ரி எண்ணிக்கை=1

அதுக்கப்புறம் அந்த ஆளோட டிஎன்ல பைண்ட் (பாஸ்வேர்ட் குடுத்து உள்ள வர்றது), அது உடனே முடியுது. பின்னாடியே க்ரூப் சர்ச் ஒண்ணு:

சர்ச் பேஸ்="ரூட்" ஸ்கோப்=2 டீரெஃப்=3 ஃபில்டர்="(மெம்பர்=அந்த ஆளோட டிஎன்)"
ஈக்வாலிட்டி கேண்டிடேட்ஸ்: (மெம்பர்) நாட் இண்டெக்ஸ்ட்
ஈடைம்=2.2 என்ட்ரி எண்ணிக்கை=7

நான் கைல ஓட்டினது:

சர்ச் பேஸ்="மக்கள் கிளை" ஸ்கோப்=2 டீரெஃப்=0 ஃபில்டர்="(யூஐடி=குமார்01)"
ஈடைம்=0.0004 என்ட்ரி எண்ணிக்கை=1

மெயிலுக்கு இண்டெக்ஸ் போட்டேனே, ஏன் "நாட் இண்டெக்ஸ்ட்"னு வருது?? ஸ்லாப்இண்டெக்ஸ் சரியா ஓடலையா?

---

லாக்_வாசகன்:

அருமையான லாக். இதுல மூணு விஷயம் இருக்கு, ஒண்ணொண்ணா போவோம், ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தாதீங்க, அப்புறம் எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

முதல்ல க்யூடைம் ஈடைம் ரெண்டையும் பாருங்க. 2.5ல இருந்து தான் இது லாக்ல வருது, பெரிய வரம். க்யூடைம் வரிசைல காத்திருந்த நேரம், அது ஒண்ணுமே இல்ல, அதனால தான் த்ரெட் ஏத்தினது பிரயோஜனப்படல. ஈடைம் 4.3 செகண்ட், கிடைச்சது ஒரே ஒரு என்ட்ரி. வைக்கோல் போர மொத்தமா கலைச்சு ஒரு ஊசி எடுத்திருக்கு.

நீங்க கைல ஓட்டினதும் அப்ளிகேஷன் கேட்டதும் ஒண்ணே இல்ல, அத கவனிச்சீங்களா? நீங்க யூஐடி மட்டும் குடுத்தீங்க. அது "அல்லது" போட்டு மூணு ஆட்ரிப்யூட்ல தேடுது. "மற்றும்" கண்டிஷன்ல ஒரு பக்கம் நல்ல இண்டெக்ஸ் இருந்தாலே போதும், அது குடுக்கற சின்ன லிஸ்ட்ட வச்சு மீதிய சரி பாத்துக்கும். "அல்லது" அப்படி இல்ல. மூணுல ஒண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லன்னாலும் மொத்த டேட்டாபேஸையும் படிச்சே ஆகணும், ஏன்னா எந்த என்ட்ரில அந்த மெயில் இருக்குன்னு அதுக்கு வேற எப்படி தெரியும்? பக்கத்துல ஆப்ஜெக்ட்கிளாஸ் இருக்கு, அதுக்கு இண்டெக்ஸும் இருக்கு, ஆனா கிட்டத்தட்ட எல்லா என்ட்ரியும் அந்த கிளாஸ் தான், அது என்னத்த வடிகட்டும். போதாததுக்கு ஒரு இண்டெக்ஸ் ஸ்லாட்ல 65536 ஐடி தாண்டினா எம்டிபி அந்த லிஸ்ட்ட "இங்க இருந்து அங்க வரைக்கும்"னு ஒரு ரேஞ்சா சுருக்கிடும். 2.5ல ஐடிஎல் எக்ஸ்பொனென்ட்னு ஒரு செட்டிங் வந்திருக்கு, டீஃபால்ட் 16, ரெண்டோட 16ஆவது அடுக்கு தான் அந்த 65536. உங்களுக்கு அத தொட வேண்டிய அவசியம் வராதுன்னு நினைக்கறேன், தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இப்ப உங்க கேள்விக்கு. எங்க சேத்தீங்க இண்டெக்ஸ? ஸ்லாப்டி கான்ஃப் ஃபைல்லன்னு சொன்னீங்க. பக்கத்துல ஸ்லாப்டி டாட் டி ன்னு ஒரு டைரக்டரி இருக்கா பாருங்க.

---

நள்ளிரவு_அட்மின்:

இருக்கு... உள்ள சிஎன்=கான்ஃபிக் ன்னு எல்லாம் இருக்கு. அய்யய்யோ.

---

லாக்_வாசகன்:

ஹாஹா. அதேதான். அந்த டைரக்டரி இருந்துச்சுன்னா ஸ்லாப்டி அதத்தான் படிக்கும், பழைய கான்ஃப் ஃபைல திரும்பி கூட பாக்காது. நீங்க ரெண்டு வாரமா யாருமே படிக்காத கடுதாசி எழுதிட்டு இருந்திருக்கீங்க. ஸ்லாப்இண்டெக்ஸும் அதே டைரக்டரிய படிச்சு, ஏற்கனவே இருந்த இண்டெக்ஸ மட்டும் புதுசா கட்டிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு எரர் இல்லாம வெளிய வந்திருக்கு. வெக்கப்படாதீங்க, இந்த பள்ளத்துல நானும் விழுந்திருக்கேன், அதுவும் ரெண்டு தடவ.

சர்வர்லயே ரூட்டா இருந்து எல்டாப்ஐ சாக்கெட் வழியா எக்ஸ்டர்னல் முறைல சிஎன்=கான்ஃபிக்க தேடி பாருங்க, எம்டிபி டேட்டாபேஸ் என்ட்ரில எந்தெந்த இண்டெக்ஸ் வரி இருக்குன்னு தெரியும். அதுல எல்டாப்மாடிஃபை வச்சு மெயில், எம்ப்ளாயிநம்பர், மெம்பர் மூணுக்கும் ஈக்வாலிட்டி (முழு வேல்யூவும் அப்படியே பொருந்தற தேடலுக்கான) இண்டெக்ஸ் சேருங்க. இப்படி சேத்தா சர்வர நிறுத்த வேண்டாம், ஸ்லாப்இண்டெக்ஸும் வேண்டாம், பின்னணில தானா கட்டிக்கும். கட்டி முடியற வரைக்கும் அந்த ஆட்ரிப்யூட்ல தேடினா பழைய மாதிரியே மெதுவா தான் இருக்கும், பயந்துடாதீங்க. கூட்டம் இல்லாத நேரமா பாத்து பண்ணுங்க.

ஆர்வக்கோளாறுல எல்லாத்துக்கும் பிரசென்ஸ் இண்டெக்ஸ் போட வேண்டாம். எல்லா என்ட்ரிலயும் இருக்கற ஆட்ரிப்யூட்டுக்கு "இருக்கா இல்லையா" இண்டெக்ஸ் வச்சு என்ன லாபம்? ரெப்ளிகேஷன் ஓடுதுன்னா என்ட்ரியூயூஐடி, என்ட்ரிசிஎஸ்என் ரெண்டுக்கும் ஈக்வாலிட்டி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

---

நள்ளிரவு_அட்மின்:

பண்ணிட்டேன்!! இண்டெக்ஸ் கட்ட சில நிமிஷம் ஆச்சு. இப்ப "நாட் இண்டெக்ஸ்ட்" வரி ஒண்ணு கூட வரல. லாகின் 6.5ல இருந்து 3.8 செகண்ட்க்கு வந்திருக்கு.

சந்தோஷம் தான், ஆனா இன்னும் 3.8 ஏன்? லாக்ல யூசர் சர்ச் ஈடைம் 1.9, க்ரூப் சர்ச்சும் 1.9. அதே ஃபில்டர அச்சு மாறாம காப்பி பண்ணி கைல ஓட்டினேன், 0.0006!! ஒரே பேஸ், ஒரே ஸ்கோப், ஒரே ஃபில்டர். ஜாவா தான் மெதுவான்னு டெவலப்பர்கிட்ட சண்டைக்கு போயிட்டேன், ஆனா லாக்ல இருக்கற ஈடைம் சர்வர் கணக்கு தானே, ஜாவா எங்க உள்ள வருது?

ஹெல்ப்டெஸ்க் ஸ்க்ரீன்ல ஒரு மாற்றமும் இல்ல, அது தனி கேஸ் போல.

---

குறிச்சொல்_கோமதி:

நடுவுல நுழையறேன், மன்னிக்கவும். ஒரே பைண்ட் டிஎன்ல ஓட்டினீங்களா? நீங்க ரூட்டிஎன்ல (எல்லா அதிகாரமும் இருக்கற அட்மின் அக்கவுண்ட்) ஓட்டி, அப்ளிகேஷன் வேற அக்கவுண்ட்ல ஓடினா ஒப்பிடவே கூடாது. ரூட்டிஎன்னுக்கு ஏசிஎல் (யார் எத பாக்கலாம்ங்கற விதி) செக்கும் கிடையாது, லிமிட்டும் கிடையாது. ஏசிஎல்ல செட், க்ரூப் எல்லாம் போட்டு எழுதி வச்சிருந்தா ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒவ்வொரு ஆட்ரிப்யூட்டுக்கும் அத கணக்கு போடும், அதுலயே நேரம் போயிடும். ஒரு தடவ ஒரு இடத்துல நாலு மடங்கு வித்தியாசம் ஏசிஎல்னால மட்டும் வந்தத பாத்திருக்கேன்.

---

நள்ளிரவு_அட்மின்:

சொல்லவே கூச்சமா இருக்கு அக்கா, அப்ளிகேஷனே ரூட்டிஎன்ல தான் பைண்ட் ஆகுது. நானும் அதே தான். அதனால ஏசிஎல் இல்ல.

---

குறிச்சொல்_கோமதி:

ரூட்டிஎன்லயா!!! சரி, அத பத்தி தனியா திட்டறேன். ஏசிஎல் இல்லன்னா அப்ப மிச்சம் இருக்கற ஒரே வித்தியாசம் உங்க முதல் லாக்லயே இருக்கே. அவங்களோடது டீரெஃப்=3, உங்களோடது டீரெஃப்=0.

அலையஸ் என்ட்ரி ஏதாவது இருக்கா உங்க மரத்துல? ஆப்ஜெக்ட்கிளாஸ்=அலையஸ் ன்னு போட்டு எண்ணி பாருங்க.

---

நள்ளிரவு_அட்மின்:

9,212.

என்ன இது, யார் வச்ச வேலை இது??

---

குறிச்சொல்_கோமதி:

எப்பவோ மரத்த மாத்தி அமைச்சிருப்பாங்க, ஆளுங்கள புது கிளைக்கு நகத்திட்டு பழைய இடத்துல "இவர் இப்ப அங்க இருக்கார்"னு ஒரு அலையஸ விட்டுட்டு போயிருப்பாங்க. வழக்கமா நடக்கறது தான்.

டீரெஃப்=3 ன்னா "எப்பவும் அலையஸ பின்தொடர்"னு அர்த்தம். 0 ன்னா பின்தொடராத, 1 தேடும்போது மட்டும், 2 பேஸ கண்டுபிடிக்கும்போது மட்டும். தேடும்போது பின்தொடரச் சொல்லிட்டா ஸ்லாப்டி உங்க ஃபில்டர தொடறதுக்கு முன்னாடியே பேஸ் கீழ இருக்கற அலையஸ் எல்லாத்தையும் எடுத்து ஒவ்வொண்ணும் எங்க கொண்டு போய் விடுதுன்னு பாக்கும். ஒரு ஆளோட யூஐடி தேடறதுக்கு 9,212 வீட்டு கதவ தட்டிட்டு வருது, ஒவ்வொரு சர்ச்சுக்கும். இண்டெக்ஸ் எவ்ளோ போட்டாலும் இந்த செலவு குறையாது.

எல்டாப்சர்ச் கமாண்ட் தானா பின்தொடராது, அதனால தான் உங்க கைக்கு வேகம். ஜாவால ஜேஎன்டிஐ (எல்டாப் சர்வரோட பேசற லைப்ரரி) நேர் எதிர், நாம ஒண்ணும் சொல்லலன்னா "எப்பவும்"ங்கறத தான் எடுத்துக்கும். டெவலப்பர்கிட்ட சண்டை போட வேண்டாம், கனெக்ஷன் ப்ராப்பர்ட்டில டீரெஃப்அலையசஸ் "நெவர்"னு ஒரு வரி சேக்க சொல்லுங்க. முதல்ல நீங்களே உறுதி பண்ணிக்கோங்க, கைல ஓட்டற கமாண்ட்லயும் டீரெஃப் ஆல்வேஸ் ஆப்ஷன் குடுத்து ஓட்டினா அதே 1.9 வரணும்.

ஒரு எச்சரிக்கை. உடனே போய் மாத்திடாதீங்க. அந்த 9,212ல எத்தன அலையஸ் உங்க சர்ச் பேஸுக்கு வெளிய இருக்கற என்ட்ரிய காட்டுதுன்னு பாருங்க. அந்த ஆளுங்க இவ்ளோ நாளா அலையஸ் வழியா தான் லாகின் ஆகிட்டு இருந்திருப்பாங்க, டீரெஃப்ப நிறுத்தின மறுநிமிஷம் அவங்க காணாம போயிடுவாங்க, அதுல ஒருத்தர் கண்டிப்பா பெரிய ஆளா தான் இருப்பார்.

---

லாக்_வாசகன்:

கோமதி சொன்னது நூத்துக்கு நூறு. நான் டீரெஃப்ப முதல் லாக்லயே பாத்து "மூணு விஷயம்"ல ஒண்ணா வச்சிருந்தேன், ஆனா அலையஸ் 9 ஆயிரம் இருக்கும்னு கனவுல கூட நினைக்கல.

மூணாவது விஷயம் அந்த க்ரூப் சர்ச்சோட பேஸ். க்ரூப் எல்லாம் தனி கிளைல தானே இருக்கும், ஏன் மொத்த ரூட்ல இருந்து தேடணும்? பேஸ அந்த கிளைக்கு இறக்க சொல்லுங்க. பெரிய க்ரூப் இருந்தா இன்னொண்ணு, அந்த 7 க்ரூப்போட பேர் மட்டும் வேணும்னா பேர் ஆட்ரிப்யூட்ட மட்டும் கேக்கணும், எல்லா ஆட்ரிப்யூட்டும் வேணும்னு கேட்டா ஆயிரக்கணக்கான மெம்பர் வேல்யூவ பொட்டலம் கட்டி நெட்வொர்க்ல அனுப்பும்.

ஹெல்ப்டெஸ்க் ஸ்க்ரீன் லாக்கையும் போடுங்க, என்ன தான் கேக்குதுன்னு பாப்போம்.

---

வாசல்_389:

தலைப்பு பக்கத்துல தான் இருக்கு, அதனால இங்கயே கேக்கறேன். நாங்க 389 டைரக்டரி சர்வர் (இது இன்னொரு எல்டாப் சர்வர்) வச்சிருக்கோம், ஆக்சஸ் லாக்ல "நாட் இண்டெக்ஸ்ட்"னு எல்லாம் வரி வர்றது இல்லையே, எங்க பாக்கறது?

---

லாக்_வாசகன்:

@வாசல்_389 ரிசல்ட் வரியோட கடைசில நோட்ஸ்=ஏ இல்லனா நோட்ஸ்=யூ ன்னு வருதான்னு தேடுங்க. ஏ வந்தா மொத்தமும் இண்டெக்ஸ் இல்லாம ஓடின சர்ச், யூ வந்தா ஃபில்டர்ல ஏதோ ஒரு பகுதிக்கு இண்டெக்ஸ் உதவல. ஏ தான் முதல் எதிரி. அப்புறம் அங்க லுக்த்ரூ லிமிட்னு (ஒரு சர்ச் எத்தன என்ட்ரிய பாக்கலாம்ங்கற வரம்பு) ஒண்ணு இருக்கு, டீஃபால்ட் 5000, அத தாண்டினா சாதாரண அக்கவுண்ட்டுக்கு எரர் 11 வரும், டைரக்டரி மேனேஜருக்கு வராது. "என் கைல வேலை செய்யுது, அப்ளிகேஷன்ல எரர்"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். இண்டெக்ஸ் சேக்கும்போது ஒண்ணு மறக்காதீங்க, கான்ஃபிக்ல சேத்தா மட்டும் பழைய டேட்டாவுக்கு கட்டாது, ரீஇண்டெக்ஸ் டாஸ்க்க தனியா ஓட்டணும்.

---

நள்ளிரவு_அட்மின்:

ஹெல்ப்டெஸ்க் லாக்:

சர்ச் பேஸ்="மக்கள் கிளை" ஸ்கோப்=2 டீரெஃப்=3 ஃபில்டர்="(|(சிஎன்=*ராம்*)(மெயில்=*ராம்*))"
ஈடைம்=5.1 என்ட்ரி எண்ணிக்கை=20

(ராம் ன்னு அவங்க டைப் பண்றது ஆங்கில எழுத்துல, மூணு எழுத்து, இங்க தமிழ்ல எழுதிட்டேன்.)

சிஎன், மெயில் ரெண்டுக்கும் சப்ஸ்ட்ரிங் (பேரோட ஒரு பகுதிய மட்டும் தேட உதவற) இண்டெக்ஸ நேத்தே சிஎன்=கான்ஃபிக்ல சேத்துட்டேன், இந்த தடவ சரியான இடத்துல தான் :) லாக்ல "நாட் இண்டெக்ஸ்ட்" வரல. டீரெஃப் இன்னும் மாத்தல, அதுக்கு 1.9 போனாலும் மீதி 3 செகண்ட் எங்க போகுது?

---

லாக்_வாசகன்:

அந்த அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்க பாருங்க, "மூணு எழுத்து"ன்னு, விஷயமே அதுதான்.

ஓப்பன்எல்டாப்ல நடு சப்ஸ்ட்ரிங் இண்டெக்ஸ் டீஃபால்ட்டா 4 எழுத்து துண்டா வெட்டி தான் வைக்கும். நீங்க *ஏபிசிடிஇஎஃப்ஜிஎச்* ன்னு எட்டு எழுத்து தேடினா ஏபிசிடி, சிடிஇஎஃப், இஎஃப்ஜிஎச் ன்னு ரெண்டு ரெண்டு எழுத்தா நகந்து மூணு துண்ட இண்டெக்ஸ்ல பாக்கும், மூணுலயும் இருக்கறவங்கள மட்டும் எடுக்கும், பிரமாதமான வேகம். ஆனா ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டு நடுல மூணே எழுத்து குடுத்தா வெட்ட ஒரு துண்டு கூட தேறாது. தேடறதுக்கு கீ இல்ல, அப்ப என்ன பண்ணும், எல்லா என்ட்ரியும் கேண்டிடேட். இதுல வில்லத்தனம் என்னன்னா, இண்டெக்ஸ் இருக்கு, அதனால லாக்ல "நாட் இண்டெக்ஸ்ட்"ன்னு எச்சரிக்கையும் வராது. சத்தமே இல்லாம மொத்த டேட்டாபேஸையும் மேயும்.

ஆரம்பத்துல இருந்து தேடறது, அதாவது ராம்* ன்னு பின்னாடி மட்டும் நட்சத்திரம், அதுக்கு ரெண்டு எழுத்துல இருந்தே கீ இருக்கு, 2, 3, 4 ன்னு. அதனால ராம்* பறக்கும், *ராம்* தவழும். கைல ரெண்டையும் ஓட்டி பாருங்க, நான் சொல்றத நம்ப வேண்டாம்.

தமிழ்லயே பேர் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு கொசுறு: இந்த நீளக் கணக்கு பைட்ல தான், எழுத்துல இல்ல. யூடிஎஃப்-8ல தமிழ் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், "வி"ன்னு எழுதினாலே வ, இகரக் குறின்னு ரெண்டு குறியீடு, 6 பைட் ஆச்சு. அதனால தமிழ்ல ரெண்டெழுத்து தேடல் கூட இண்டெக்ஸ்ல ஓடிடும், ஆங்கிலத்துல மூணெழுத்து நொண்டும். பைட்ட தின்னுதுன்னு யூடிஎஃப்-8ல தமிழ திட்டாத ஆள் இல்ல, அது உதவின ஒரே இடம் எனக்கு தெரிஞ்சு இதுதான்.

---

ரேம்_பிரியன்:

அப்ப அந்த 4ங்கறத 3 ஆக்கிட்டா முடிஞ்சுதே? செட்டிங் இருக்குமே.

---

லாக்_வாசகன்:

இருக்கு, இண்டெக்ஸ் சப்ஸ்ட்ரிங் எனி லென்த்னு. மாத்தினா சார்ந்த இண்டெக்ஸ் எல்லாத்தையும் அழிச்சு திரும்ப கட்டணும். ஆனா நான் கடைசி வழியா தான் வைப்பேன். மூணெழுத்து துண்டு ஒண்ணொண்ணும் எத்தன ஆயிரம் பேர்ல இருக்கும், யோசிங்க, லிஸ்ட் பெருசாகும், பிரயோஜனம் குறையும். எழுதற செலவும் இருக்கு. 12 எழுத்து மெயில் ஒண்ணுக்கு ஈக்வாலிட்டி இண்டெக்ஸ்ல ஒரு கீ. சப்ஸ்ட்ரிங்ல நடு துண்டு 9, முன்னாடி 3, பின்னாடி 3, ஆக 15 கீ. ஒவ்வொரு ஆட் மாடிஃபைக்கும் அத்தனையையும் புதுப்பிக்கணும். சப்ஸ்ட்ரிங்க தேவையான ரெண்டு ஆட்ரிப்யூட்டோட நிறுத்திக்கறது தான் புத்திசாலித்தனம்.

ஸ்க்ரீன மாத்தறது சுலபம். நாலெழுத்துக்கு கம்மியா டைப் பண்ணா முன்னாடி இருந்து தேடட்டும், நாலு ஆனதும் நடுலயும் தேடட்டும். 20 பேர் வந்ததும் நிறுத்தற லிமிட் இருக்கு போல, அத நம்பாதீங்க, 20 பேர் கிடைக்கற வரைக்கும் தான் மேயும், மொத்தமே 3 பேர் தான் இருந்தா கடைசி வரைக்கும் மேஞ்சுட்டு தான் வரும். அதனால அபூர்வமான பேர் தான் அதிக நேரம் எடுக்கும், தலைகீழா.

---

குறிச்சொல்_கோமதி:

இப்ப நான் திட்ட வேண்டியது பாக்கி. அப்ளிகேஷனுக்கு தனி அக்கவுண்ட் குடுத்து ரூட்டிஎன்ல இருந்து வெளிய கொண்டு வாங்க. பாதுகாப்பு ஒரு பக்கம், லிமிட் ஒண்ணு கூட ரூட்டிஎன்ன தொடாதுங்கறது இன்னொரு பக்கம். தனி அக்கவுண்ட் ஆனதும் சைஸ் லிமிட்ல அன்செக்ட்னு ஒரு வகை இருக்கு, அத அந்த அக்கவுண்ட்டுக்கு வைங்க. கேண்டிடேட் எண்ணிக்கை அந்த அளவ தாண்டினா சர்ச்ச ஓட்டாமலே எரர் குடுத்து திருப்பி அனுப்பிடும். நாளைக்கு எவனாவது புது ஸ்க்ரீன்ல இண்டெக்ஸ் இல்லாத ஃபில்டர் எழுதினா டெஸ்ட்லயே உதை வாங்குவான், காலைல எட்டரைக்கு நீங்க வாங்க வேண்டியது இல்ல. எடுத்தவுடனே லைவ்ல வைக்காதீங்க, ஒரு வாரம் லாக்க பாத்து எந்த சர்ச் எல்லாம் மாட்டும்னு தெரிஞ்சுக்கிட்டு வைங்க. ஏசிஎல் புதுசா குறுக்க வரும்ங்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க, சிம்பிளா எழுதுங்க.

---

நள்ளிரவு_அட்மின்:

பத்து நாள் கழிச்சு வர்றேன், அப்டேட் குடுக்காம ஓடற ஆள் நான் இல்ல :)

அலையஸ எல்லாம் ஒரு ஸ்க்ரிப்ட் போட்டு சரி பாத்தேன். 9,212ல 14 பேர் மட்டும் பேஸுக்கு வெளிய இருந்தாங்க. கோமதி அக்கா வாக்கு பலிச்சுது, அந்த 14ல ஒருத்தர் என் மேனேஜரோட மேனேஜர். அவங்கள எல்லாம் சரியான கிளைக்கு நகத்திட்டு தான் ஜாவா பக்கம் "நெவர்" போட்டோம். யூசர் சர்ச் ஈடைம் 0.0007, க்ரூப் சர்ச் பேஸ இறக்கினதுக்கு அப்புறம் 0.001க்கு கீழ. லாகின் மொத்தமும் கால் செகண்ட்ல முடியுது, அதுலயும் பெரும்பகுதி எல்டாப்ல இல்ல, அப்ளிகேஷன் பேஜ் லோட் ஆகறது தான்.

ஹெல்ப்டெஸ்க் ஸ்க்ரீன்ல நாலெழுத்து விதிய வச்சாச்சு. முதல் நாள் "நடுப்பேர்ல தேட முடியல"ன்னு ரெண்டு டிக்கெட் வந்துச்சு, இன்னும் ஒரு எழுத்து டைப் பண்ணுங்கன்னு சொன்னேன், அடங்கிட்டாங்க.

பழைய கான்ஃப் ஃபைல் பேர "இத யாரும் படிக்கறது இல்ல"ன்னு மாத்தி வச்சிருக்கேன். தனி அக்கவுண்ட் ரெடி, அன்செக்ட் லிமிட் டெஸ்ட் சர்வர்ல ஓடுது, ஏற்கனவே ஒரு ராத்திரி ரிப்போர்ட் அந்த எரர்ல மாட்டிடுச்சு. "டிஸேபிள் ஆகாதவங்க எல்லாரும்"னு ஆச்சரியக்குறி போட்ட ஃபில்டர், அதுக்கு இண்டெக்ஸே உதவாதாமே?

---

லாக்_வாசகன்:

உதவாது. "இல்லை"ங்கறதுக்கு இண்டெக்ஸ்ல லிஸ்ட் கிடையாது, மொத்தத்தையும் படிச்சு தான் கழிக்கணும். ஸ்டேட்டஸ்=ஆக்டிவ் மாதிரி நேரா கேக்கற ஒரு ஆட்ரிப்யூட் வச்சாலும் பெருசா மாறாது, உங்ககிட்ட பெரும்பாலானவங்க ஆக்டிவ் தானே. ராத்திரி ரிப்போர்ட் எல்லாரையும் படிக்கறது தப்பு இல்ல, அதுக்கு தனி அக்கவுண்ட், தனி லிமிட் குடுத்துட்டு விட்டுடுங்க. பகல்ல ஓடாம பாத்துக்கோங்க, அது போதும்.